இருமலுக்கு அப்புறம் ரெகுலேட்டர்

கேஸ் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை இருமிக்கொள்ளும் பெண்கள் பழவேற்காட்டில் ஒரே ஒரு தெருவில்தான் இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. இன்றைக்கு என் மருமகள் வாங்கி வைத்திருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பில் நெருப்பு இல்லை, சிலிண்டர் இல்லை, திறப்பதற்கு ஒரு ரெகுலேட்டரும் இல்லை. வழவழவென்று ஒரு கண்ணாடிப் பலகை. விரலால் தொட்டால் கீச்சென்று கத்துகிறது. அதைத் தொடுவதற்கு முன்னாலும் எனக்கு இருமல் வருகிறது. "தண்ணி குடிங்க அத்தை" என்கிறாள் மருமகள், பாவம். தொண்டையில் ஒன்றும் இல்லை என்பதை அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அந்த அக்காவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் ஆரம்பாக்கத்துப் பெண். கல்யாணமாகிப் பழவேற்காட்டுக்கு வந்தபோது எண்பதுகள் தொடங்கியிருந்தன. என் வீட்டுக்காரருக்கு அங்கே ஐஸ் பேக்டரியில் வேலை. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த தெருவில் வாடகைக்கு வீடு பார்த்து வைத்திருந்தார். எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மீன் பொரித்தால் இந்தப் பக்கம் எங்களுக்குப் பசிக்கும். அந்த வீட்டில் இருந்தவள்தான் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். புருஷன் துபாயில் ஏதோ கிட்டங்கியில் வேலை பார்த்தார். வெளிநாட்டுக்குப் போவதை அந்தத் தெருவில் சபர் போவது என்பார்கள். சபர் போனவர்களின் மனைவிகள் அங்கே நிறையப் பேர். மற்றவர்கள் எல்லாரும் கடிதாசுக்குக் காத்திருந்தார்கள். அக்கா கேசட்டுக்குக் காத்திருந்தாள்.

"எங்க மச்சானுக்கு எழுத வராது தங்கச்சி. பேச வரும்" என்பாள். புருஷனை மச்சான் என்றுதான் சொல்வாள். நான் அந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரே ஒரு தடவை விடுப்பில் வந்தபோது ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டுப் போயிருந்தார். அங்கே அறையில் எல்லாரும் தூங்கின பிறகு மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து பேசுவாராம். ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் கையில் கேசட் வந்து சேரும். அதை அவள் கேட்டு முடித்ததும், அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே தன் பதிலைப் பேசி, திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவாள். ஒரே கேசட். அது ஏரியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போகிற படகு மாதிரி போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

இதில் இருக்கிற கொடுமை எனக்கு உடனே உறைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

போனேன். பாயில் ரெக்கார்டர் இருந்தது. பக்கத்தில் அவள் முக்காடு போட்டுக்கொண்டு, தொழப் போகிறவள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும். நீ அமுக்கு."

"உனக்கே தெரியுதே, நீயே அமுக்கறதுதானே?"

"எனக்குக் கை வரல. அமுக்கினா அவரு போயிடுவாரு."

அப்போதுதான் புரிந்தது. அவள் ஒரு வார்த்தை பேசினால் அவர் பேசின ஒரு வார்த்தை அழியும். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எதையும் சுற்றி வளைத்து நினைக்க வராது. "இன்னாக்கா இது அநியாயம்? வேற கேசட் ஒண்ணு வாங்கிக்க. இல்லாட்டி இதோட முதுகுல இருக்குது பாரு ஒரு சின்ன பல்லு, அதை ஒடச்சுட்டா அப்புறம் யாராலயும் இதுல பேசவே முடியாது. அவரு பேசினது அப்படியே இருக்கும்" என்றேன். என் தம்பி அப்படித்தான் பாட்டுக் கேசட்டுகளைக் காப்பாற்றுவான்.

"ஒடச்சுட்டா நான் எதுல பதில் சொல்றது?"

"அதான் வேற கேசட்னு சொல்றேனே."

"அவரு 'இதுலயே பேசி அனுப்பு'ன்னுதான் சொன்னாரு. அவரு கையில இருந்தது என் கைக்கு வரணும், என் கையில இருந்தது அவரு கைக்குப் போவணும். கடையில வாங்கினது யாரு கையில இருந்துச்சோ."

இந்த மாதிரி நியாயத்துக்கு எதிராக யார் என்ன பேச முடியும்? பட்டன்களை அமுக்கினேன். அதற்கப்புறம் நான் அந்த ஊரில் இருந்த வரைக்கும் அவர் குரலை அழித்தது என் விரல்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பட்டன் இறங்குகிற சத்தம் கேட்டதும் திரும்பி, தொண்டையைக் கனைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்" என்று தொடங்குவாள். கூரையில் ஒழுகுகிற இடம், மகளின் இருமல் மருந்து, வாடைக்காற்று எழுந்ததால் படகு போகாதது, அன்றைக்கு வந்த இறாலின் பருமன் என்று ஒன்றுவிடாமல் போகும். எல்லாம் பேசி முடித்த பிறகு முகம் வெறிச்சென்று ஆகிவிடும். அன்று முழுக்கச் சாப்பிட மாட்டாள்.

அடுப்பு வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

துபாயிலிருந்து வந்த ஒருவர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றையும் கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியைப் பிரித்தால் பளபளவென்று இரண்டு வாய் கேஸ் அடுப்பு. அந்தத் தெருவில் அப்போது யார் வீட்டிலும் கேஸ் கிடையாது. சவுக்கு விறகும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான். நாங்கள் எல்லாரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். சினிமாவில் பணக்காரர் வீட்டில் பார்த்தது.

கேசட்டில் அந்த அடுப்பைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு இன்றைக்கும் ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. "மேல வட்டமா ரெண்டு இருக்குதில்ல, அதுக்குப் பேரு பர்னர். பெருசு சோத்துக்கு, சிறுசு டீக்கு. முன்னால திருகற குமிழு நாப். சிலிண்டரு தலையில உட்கார்ற மூடி மாதிரி வரும், அது ரெகுலேட்டர். அதுலருந்து அடுப்புக்கு வர்ற ரப்பர் குழாய் டியூப். பத்த வெக்கறதுக்கு முன்னாடி..." இந்த இடத்தில் ஒரு இருமல். அடித்தொண்டையிலிருந்து வருகிற, நல்ல கனமான இருமல். பிறகு, "ரெகுலேட்டரத் தொறக்கணும். தீக்குச்சியக் கிழிச்சு பர்னர் பக்கத்துல புடிச்சிட்டு, அப்பதான் நாபைத் திருப்பணும். திருப்பிட்டுப் போயி தீப்பெட்டி தேடக்கூடாது. கொஞ்சம் திருப்பினா பெரிய தீ. இன்னும் திருப்பினா சிம். சிம்முன்னா அணைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அணைஞ்சிருக்காது. நான் வந்துதான் இதுக்கு கனெக்சன் வாங்கணும். அதுவரைக்கும் பேரெல்லாம் தெரிஞ்சு வெச்சிக்க."

கேசட் கொண்டு வந்தவர் அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் திரும்பித் துபாய்க்குக் கிளம்புகிறவர். அதற்குள் பதில் பேசியாக வேண்டும். பேசினால் அடுப்பைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் போய்விடும். அக்கா மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாள். நான் பென்சிலை விட்டு நாடாவைப் பின்னால் சுற்றிக் கொடுப்பேன், அவள் கேட்பாள், திருப்பிச் சொல்வாள். மூன்றாவது தடவை சொன்னபோது "பத்த வெக்கறதுக்கு முன்னாடி" என்று நிறுத்தி, அவரைப் போலவே ஒரு இருமல் இருமிவிட்டு, "ரெகுலேட்டரத் தொறக்கணும்" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "இருமலையுமா மனப்பாடம் பண்ணுவ?"

"அதுவும் அவருதானே" என்றாள்.

அவள் சிரிக்கவே இல்லை. நான் மறுபடி பென்சிலைச் சுற்றினேன்.

அடுப்பு சமையல்கட்டில் ஒரு பலகையின் மேல் ஏறி, வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்தது. பல வருஷம் அப்படியே இருந்தது. கீழே விறகடுப்பு எரியும். ஆனால் அவள் பேச்செல்லாம் மேலே இருந்த அடுப்பின் பேச்சுதான். குழம்பை அவள் ஆணம் என்பாள். நான் நண்டு ஆணம் வைக்கக் கற்றுக்கொண்டது அவளிடம். "சிம்ல வை, சிம்ல வை" என்று கத்துவாள். நான் விறகை வெளியே இழுப்பேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தீ உயர்ந்து புகைந்தால் "நாபைக் குறை" என்பாள். அதில் அடைப்பு எடுக்கிற ஊசியை எப்போதும் முந்தானையில் குத்தி வைத்திருப்பாள். அந்த ஊசிக்கு மட்டும் அவர் பேர் சொல்லவில்லை என்பதால் அது வெறும் ஊசிதான். அவள் மனசு சரியில்லாத நாளில் அந்தத் துணியை விலக்கிவிட்டு, அடுப்புக்கு முன்னால் நின்று முழுவதையும் ஒருமுறை சொல்வாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த இருமல் கேட்கும். இன்றைக்கு யாரும் வரவில்லை, கேசட் இல்லை என்று தெரிந்துகொள்வேன். என் வீட்டுக்காரர் வாயை மூடமாட்டாரா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவள் பக்கத்து வீட்டில் ஒரு இருமலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள்.

தெருவில் முதல் கேஸ் கனெக்சன் மளிகை மொத்த வியாபாரி வீட்டுக்கு வந்தது. பொன்னேரியிலிருந்து ஆள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்த வீட்டுப் பெண்கள் யாரும் கிட்டப் போகப் பயந்தார்கள். வெடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு ஆள் வந்தது. வாழ்நாளில் ஒரு கேஸ் அடுப்பையும் பற்ற வைத்தறியாதவள் தலை நிமிர்ந்து நடந்து போனாள். நான் பின்னாலேயே போனேன், ஏதாவது ஆனால் இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு.

நின்றாள். "மேல வட்டமா ரெண்டு இருக்குதில்ல" என்று தொடங்கினாள். பர்னர், நாப், ரெகுலேட்டர், டியூப் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். "பத்த வெக்கறதுக்கு முன்னாடி" என்று நிறுத்தி இருமினாள். ரெகுலேட்டரைத் திறந்தாள். குச்சியைக் கிழித்தாள். நீலமாகத் தீ பூத்தது. சிம்மில் வைத்துக் காட்டினாள். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் மூச்சை விட்டார்கள்.

மறுநாள் மளிகைக்காரர் மனைவி தானே பற்ற வைத்தாள். முதலில் இருமினாள். பிறகு ரெகுலேட்டரைத் திறந்தாள். அந்த வீட்டு மருமகளும் இருமினாள். அடுத்தடுத்து கனெக்சன் வாங்கின வீடுகளிலும் அப்படியே பரவியது. "ஏன் இருமணும்?" என்று ஒருத்தி கேட்டதற்கு இன்னொருத்தி, "கேஸ் கசிஞ்சிருந்தா தொண்டையில தெரிஞ்சிடும்ல" என்று விளக்கம் சொன்னாள். சிலிண்டர் கொண்டு வருகிறவன், "இன்னாம்மா, இந்தத் தெருவுல எல்லாருக்கும் சளியா?" என்று கேட்டான். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினாள். ஏன் சொல்லப் போகிறேன்? துபாயில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் இருமல் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அது போதாது என்றாலும், ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை.

நடுவில் ஒரு விடுப்புக்கும் வராதவர் ஒருநாள் நிரந்தரமாக ஊருக்கே வந்துவிட்டார்.

நல்ல மனுஷர். ஒல்லியாக, உயரமாக இருந்தார். வந்த வாரமே கூரையில் ஒழுகின இடத்தை அடைத்தார். காலையில் மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் போய் அவளுக்குப் பிடித்த மடவை மீனாகப் பார்த்து வாங்கி வருவார். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவார். ஆனால் பேச மாட்டார். "இன்னாங்க, ஆணம் எப்படி?" "ம்." "ஏரிப் பக்கம் போயிட்டு வந்தீங்களா?" "ம்." கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பேசின வாய் இதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இருமலும் போய்விட்டிருந்தது. அங்கத்து மணல் காற்றுக்கு வந்த இருமலாம். நம் ஊர்க் காற்று பட்டதும் நின்றுவிட்டதாம்.

கேஸ் கனெக்சன் கிடைத்து, வெள்ளைத் துணியை எடுத்த அன்று தெருவே வந்து நின்றது. பொன்னேரி ஆள் அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தான். "வெளிநாட்டு அடுப்பா? ஜெட் மாத்தணும்" என்றான்.

அக்காவின் முகம் மாறியது. அத்தனை வருஷம் அவள் சொல்லி வந்ததில் அந்தச் சொல் கிடையாது. ஆசையோடு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜெட்டுன்னா இன்னா மச்சான்?"

"மாத்தட்டும் விடு" என்றார் அவர்.

அவ்வளவுதான். எல்லாரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்பைப் பற்ற வைத்தார், இருமாமல். கும்பலில் ஒரு பெண் பதறிப்போய் அவருக்காகத் தானே இருமினாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கிணற்றடியில் கேட்டேன். "இன்னாக்கா, மச்சான் வந்தும் மூஞ்சி இப்படி இருக்குது?"

"மச்சான் வந்துட்டாரு. பேசினவரு இன்னும் வரல" என்றாள். "கேட்டா, 'எதிர்ல ஆளு இருக்கசொல்ல இன்னா பேசறது'ங்கறாரு. நான் எதிர்ல இருக்கறதுதான் தப்பா தங்கச்சி?"

எனக்கு அழுகை வந்தது. அவள் வாளியை இறக்கிவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் வேறு வேலை கிடைத்து, நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே குரல் கூப்பிட்டது. "தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

கூடத்தில் பாய். பாயில் ரெக்கார்டர். இந்தத் தடவை அதன் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார், மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு. அக்கா சமையல்கட்டுக்குள், கதவு நிலைக்கு அந்தப் பக்கம், அவர் கண்ணுக்குத் தெரியாமல் நின்றிருந்தாள்.

"நான் எதிர்ல இல்ல. அந்த அடுப்பப் பத்தி சொன்னீங்களே, அதை ஒரு தடவை சொல்லுங்க. போதும். தங்கச்சி, அமுக்கு."

அவர் ஊருக்குக் கொண்டு வந்திருந்த அதே கேசட், நாடா முடிவை நெருங்கி நின்றிருந்தது; அவள் கடைசியாகப் பேசி அனுப்பினது அதில் இருந்தது. இந்த முறை அழியப் போவது அவள் குரல். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அமுக்கினேன்.

அவர் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல... வட்டமா..." என்றார். நின்றுவிட்டது. "மறந்துபோச்சும்மா. அன்னிக்கு ரூம்ல இருந்த மலையாளத்துக்காரரு சொல்லிக் குடுத்தத, மாடிக்குப் போயி அப்படியே சொன்னது."

நிலைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் எடுத்துக் கொடுத்தது. "ரெண்டு இருக்குதில்ல..."

"ரெண்டு இருக்குதில்ல, அதுக்குப் பேரு பர்னர்."

"பெருசு சோத்துக்கு..."

அவள் எடுத்துக் கொடுக்க, அவர் சொல்லிக்கொண்டே போனார். கல்யாணத்தில்கூட அவர்கள் இருவரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். "பத்த வெக்கறதுக்கு முன்னாடி" என்று அவள் சொன்னாள். அவரும் சொன்னார். அவள் உள்ளேயிருந்து இருமினாள். அவர் திகைத்து என்னைப் பார்த்தார். பிறகு நிலையைப் பார்த்துக் கேட்டார்.

"இங்க இருமணுமா?"

"ஆமா."

அவர் இருமினார். வராத இருமலை அடித்தொண்டையிலிருந்து வரவழைத்து, நன்றாகக் கனமாக இருமினார். உள்ளேயிருந்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க அவளால் முடியவில்லை. "ரெகுலேட்டரத் தொறக்கணும்" என்று அவர் தானே சொன்னார். நாப், பெரிய தீ, சிம் எல்லாம் வந்தது. முடிந்துவிட்டது என்று நான் கையை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"அப்புறம் ஜெட்டுன்னு ஒண்ணு" என்றார் ரெக்கார்டரிடம். "பர்னருக்கு அடியில பித்தளையில சின்னதா இருக்கும். அதுல ஊசிக்கண்ணு அளவுக்கு ஒரு ஓட்டை. அது வழியாத்தான் கேஸ் வருது. அன்னிக்கு நீ கேட்டல்ல. எனக்கும் தெரியாது, அத்தினி பேரு எதிர்ல தெரியாதுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. போன வாரம் பொன்னேரிக்குப் போயி கேட்டுக்கினு வந்தேன். வந்ததுலருந்து உன்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன்."

நாடா தீர்ந்து பட்டன் தானாக மேலே எழும்பியது.

அக்கா வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கேசட்டை எடுத்தாள், முந்தானையில் குத்தியிருந்த ஸ்டவ் ஊசியை உருவினாள், கேசட்டின் முதுகில் இருந்த அந்தச் சின்னப் பல்லை நெம்பி உடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு மெட்ராஸ் பக்கம் போனா புது கேசட்டு ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லு. நான் பதில் பேசணும்."